நர்சிங் குரூப்புக்கு ஒரு சிபாரிசு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, காலை பதினொரு மணிக்குள் என்னை டாக்டராக்கி முடித்துவிட்டார்கள். அதைச் செய்தவர்கள் கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ் ஒன்றின் பயணிகள். என் அப்பா அந்த பஸ்ஸில் கண்டக்டர். ஐந்நூற்றுக்கு நானூற்று அறுபத்து மூன்று என்று அம்மா போனில் சொன்னபோது வண்டி ஆலப்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்ததாம். அப்பா டிரைவரிடம் ஆரம்பித்துக் கடைசி சீட்டு வரை போய் ஒவ்வொருவரிடமும் மார்க்கைச் சொல்லியிருக்கிறார். புதுச்சத்திரத்தில் கூடையோடு ஏறிய மீன்காரம்மா, "அப்ப டாக்டர்தான்" என்றிருக்கிறார். முட்லூரில் இறங்கிய வாத்தியார் ஒருவர், "டாக்டரேதான்" என்று உறுதி செய்திருக்கிறார். வண்டி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைவதற்குள் எனக்கு எந்தத் தெருவில் கிளினிக் வைப்பது என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் வீட்டில், அம்மா தைத்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பா லட்டு டப்பாவோடு வந்தார். ஒரு லட்டை என் வாயில் திணித்தார். அதை முழுங்கிவிட்டு நான் சொன்னேன்:

"அப்பா, ப்ளஸ் ஒன்ல நர்சிங் குரூப்பு எடுக்கப் போறேன்."

சில பள்ளிக்கூடங்களில் அப்படி ஒரு பிரிவு உண்டு. இரண்டு வருஷம் பாடத்தோடு பாடமாக நர்ஸ் வேலையும் சொல்லித் தருவார்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பழக்குவார்கள். அதன் பிறகு டிப்ளமோ சேரலாம். ஊருக்கு மட்டும் அது வேறு மாதிரி தெரியும். மார்க் இல்லாத பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடம் என்று பெயர். நானூற்று அறுபத்து மூன்று எடுத்தவள் போகிற இடமல்ல, அதில் 'நானூற்று'வை விட்டுவிட்டு வெறும் அறுபத்து மூன்றோடு வந்தவள் போகிற இடம்.

அப்பா லட்டு டப்பாவை மூடினார்.

"இன்னா சொன்ன?"

மறுபடி சொன்னேன்.

"நானூத்தி அறுவத்து மூணு மார்க் எடுத்துட்டு, கண்டவனுக்கும் பெட்பேன் எடுக்கப் போறியா? ஆம்பள பொம்பளன்னு பாக்காம தொட்டுத் தூக்கற வேல. நாளைக்கு எவன் கட்டிக்க வருவான்? பஸ்ல அத்தினி பேருகிட்ட டாக்டருன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்!"

கடைசியில் சொன்னதுதான் விஷயம். மற்றதெல்லாம் அதற்குப் போர்த்திய போர்வை.

இதைச் சொன்ன வாய் எந்த வாய் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் மழைக்காலத்தில், அப்பா ஓடுகிற பஸ்ஸின் படியில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பை முறித்துக்கொண்டார். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். காலுக்குள் கம்பி வைத்தார்கள். அம்மாவும் நானும் மாறி மாறிக் கூட இருந்தோம். தினமும் காலையில் டாக்டர்கள் கூட்டமாக வருவார்கள். அந்தக் காலைச் சுற்றி நின்று இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள், போய்விடுவார்கள். காலுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் அங்கே படுத்திருப்பது அவர்கள் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. அப்பா என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா சொன்னாங்க?" என்பார். நானென்ன கண்டேன்?

பிறகு ஒரு நர்ஸ் வருவார். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "அண்ணே, கம்பி நல்லா உக்காந்துருக்கு. நாளைக்கு ஒங்கள எழுப்பி உக்கார வெப்பாங்க. வலிக்கும். கத்தணும்னா கத்துங்க, தப்பில்ல" என்பார். பத்து டாக்டர்கள் சொல்லாததை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போவார். அப்பா அவரைத் 'தாயி' என்று கூப்பிடுவார். 'தாயி, தண்ணி', 'தாயி, வலி தாங்கல', 'தாயி, கொஞ்சம் திருப்பி விடு'. கண்ணில் தண்ணி நிற்க, "நீ எப்ப ஏறுனாலும் எம் பஸ்ல ஒனக்கு டிக்கெட் கெடையாது தாயி" என்று சத்தியம்கூடச் செய்தார். தொட்டுத் தூக்கிய கை அப்போது அவருக்குத் தெய்வத்தின் கை.

எனக்கு அந்த நர்ஸிடம் பிடித்தது அவர் பெட்ஷீட் மாற்றுகிற விதம். படுத்திருப்பவரை எழுப்பாமலே மாற்றுவார். ஆளை ஒரு பக்கமாகத் திருப்பி, பழைய விரிப்பை முதுகு வரை சுருட்டித் தள்ளி, பக்கத்திலேயே புதியதைப் பாதி விரிப்பார். பிறகு ஆளை அந்தச் சுருட்டலின் மேலாக மறுபக்கம் திருப்பி, பழையதை உருவிவிட்டு, புதியதன் மீதியை இழுத்து விரித்துவிடுவார். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் வாயால் சொல்வார்: "இப்ப திருப்பப் போறேன்ண்ணே, பயப்படாதீங்க." இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் எதிர்ப்பக்கம் நின்று கை கொடுத்தேன். ஐந்தாம் நாள் அவர் சொல்லாமலே செய்தேன். "ஒனக்குக் கை வருது பாப்பா" என்றார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை முதல் ரேங்க் வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஏற்பட்ட சந்தோஷம் எதற்கும் ஏற்பட்டதில்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆக, லட்டு டப்பா மூடப்பட்ட அன்று அம்மாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அம்மாவின் 'நீங்க' எல்லாம் 'நீ' ஆகிவிடும்.

"பதினோரு நாளு தாயி தாயின்னு கெஞ்சினியே, அவ யாரு வூட்டுப் பொண்ணு? அவளுக்கு அப்பன் இல்லியா?"

"அது வேற" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் அப்பா 'அது வேற' என்று சொன்னால், அவர் வாதத்தில் தோற்றுவிட்டார், ஆனால் முடிவை மாற்றப் போவதில்லை என்று அர்த்தம். அடுத்த நான்கு நாள் வீட்டில் தட்டுகள்தான் பேசிக்கொண்டன. பிறகு ஒரு நாள் அப்பா, "சரி, பள்ளிக்கூடத்துல போயி கேட்டுப் பாப்போம்" என்று இறங்கி வந்தார். நான் நம்பிவிட்டேன். எனக்கு வயது பதினைந்துதானே.

கண்டக்டருக்கு உலகத்தில் எந்த இடமும் சும்மா கிடைக்கும் என்ற நம்பிக்கை கிடையாது. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டால்தான் இடம். அப்பா எங்களுக்குத் தெரியாமல் கவுன்சிலரைப் பார்க்கப் போனார். கவுன்சிலரின் மாமியார் வாரா வாரம் சிதம்பரம் கோயிலுக்கு அப்பாவின் பஸ்ஸில்தான் போவார். அவருக்கு முன் சீட்டைக் காலியாக வைத்திருப்பது அப்பாவின் வேலை. அந்த உறவில் ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டார். எதற்கு? எனக்கு பயாலஜி குரூப்பில் இடம் தரச் சொல்லி.

அம்மா அப்பாவை என்னைப் போல நம்பியவள் இல்லை. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். கவுன்சிலரின் மனைவிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். அளவு எடுக்கப் போன இடத்தில் அவளும் ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டாள். எனக்கு நர்சிங் குரூப்பில் இடம் தரச் சொல்லி.

கவுன்சிலர் நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். எதற்குக் கேட்கிறார்கள் என்றும் பார்க்க மாட்டார்.

அட்மிஷன் நாளன்று மூன்று பேரும் தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றோம். அப்பா மதியம் டியூட்டிக்குப் போக வேண்டும் என்பதால் காக்கிச் சட்டையிலேயே, தோளில் தோல் பையோடு வந்திருந்தார். தலைமை ஆசிரியை என் மார்க் ஷீட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் பூரித்துப் போனது. அப்பா பையிலிருந்து கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

தலைமை ஆசிரியை சத்தமாகவே படித்தார். "இக்கடிதம் கொண்டுவரும் மாணவி எனக்கு மிகவும் வேண்டியவர். இவருக்கு உயிரியல் பிரிவில்..."

பதினோரு நாள் கூட இருந்து திருப்பி விட்ட பெண்ணுக்கு இப்படி ஒரு துரோகமா என்று அப்பாவை முறைத்தேன். அம்மா ஜாக்கெட் துணிப் பைக்குள் கையை விட்டு, அதே மாதிரி ஒரு கவரை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இக்கடிதம் கொண்டுவரும் மாணவி எனக்கு மிகவும் வேண்டியவர். இவருக்குச் செவிலியர் பிரிவில்..."

தலைமை ஆசிரியை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே லெட்டர் பேடு, ஒரே கையெழுத்து, ஒரே தேதி. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

"கவுன்சிலருக்கு வேண்டிய பொண்ணு ஒருத்தியா, ரெண்டு பேரா?" என்றார் தலைமை ஆசிரியை.

அவருக்கு இரண்டாவது கடிதம்தான் உறுத்தியது.

"நான் வேலைக்கு வந்து இத்தினி வருஷத்துல நர்சிங் குரூப்பு வேணும்னு சிபாரிசோட வந்த மொத ஆளு நீங்கதான். அதுலேருந்து மாத்திக் குடுங்கன்னுதான் லெட்டர் கொண்டாருவாங்க. அங்க எடம் காலியா கெடக்கு. இன்னும் நாலு பேரு சேரலேன்னா அந்த குரூப்பையே மூடிடுவாங்களோன்னு இருக்கோம். அதுக்குப் போயி சிபாரிசா?"

காலி பஸ்ஸில் துண்டு போட்ட எங்கள் குடும்பத்தை அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. மார்க் ஷீட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லும்மா. வீட்டுல எதுனா பிரச்சனையா? யாராவது எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார். நல்ல மார்க் எடுத்த பெண் நர்சிங் கேட்டால், ஒன்று மார்க் பொய்யாக இருக்க வேண்டும், இல்லை பெண்ணுக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"பயாலஜி போடறேன். இந்த மார்க்க அங்க போட்டா என் ரிசல்ட் இன்னா ஆவறது?" என்று பேனாவைத் திறந்தார்.

மார்க் என்னுடையது, ரிசல்ட் அவருடையது, பேச்சு அப்பாவுடையது. ராத்திரி பகலாகப் படித்த என்னை மட்டும் அங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மிஸ், எனக்கு அந்த வேலை தெரியும்."

"எந்த வேலை?"

"படுத்திருக்கற ஆள எழுப்பாம பெட்ஷீட் மாத்தத் தெரியும்."

தலைமை ஆசிரியை சிரித்தே விட்டார். அந்தச் சிரிப்போடு நர்சிங் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒல்லியான ஒரு அம்மா வந்து நின்றார். தன் பிரிவை எப்போது மூடுவார்களோ என்ற கவலை முகத்தில் அப்படியே தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செஞ்சு காட்டு, பாப்போம்" என்றார்.

எல்லோரும் கடைசிக் கட்டடத்தில் இருந்த செய்முறை அறைக்குப் போனோம். ஒரு இரும்புக் கட்டில், ஒரு மெத்தை, அலமாரியில் ஒரு பொம்மை. பொம்மைக்கு வலது கால் கழன்று தனியாக வைக்கப்பட்டிருந்தது. நர்சிங் டீச்சர் சங்கடத்தோடு, "இத வெச்சு முடியாது. ஆளு வேணுமே" என்று சுற்றிப் பார்த்தார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றார் அப்பா.

"நீங்கதான் ஏற்கெனவே படுத்துப் பழக்கப்பட்டவரு" என்றாள் அம்மா.

அப்பா படுத்தார். காக்கிச் சட்டையோடு, தோல் பையை நெஞ்சின் மேல் கட்டிப் பிடித்துக்கொண்டு, விசில் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்க, கூரையைப் பார்த்தபடி படுத்தார். வாசலில் அதற்குள் பத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அம்மா எதிர்ப்பக்கம் நின்றாள்.

"அப்பா, இப்ப ஒன்ன அம்மா பக்கம் திருப்பப் போறேன். பயப்படாத."

கம்பி வைத்த காலின் முட்டிக்குக் கீழே முதலில் கையைக் கொடுத்தேன், அந்த நர்ஸ் கொடுப்பது போலவே. திருப்பினேன். பழைய விரிப்பைச் சுருட்டி முதுகோடு சேர்த்தேன். புதியதை விரித்தேன். "இப்ப எம்பக்கம் வரப் போற. நடுவுல மேடா இருக்கும், அவ்வளவுதான்." அவர் உடம்பு முழுக்க விறைத்துப் போயிருந்தது. கால் அந்த மேட்டைத் தாண்டும்போது அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பழக்கதோஷம், வாயிலிருந்து தானாக வந்தது:

"மெதுவா, தாயி."

உடனே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இருமினார். தேவையே இல்லாமல் நீண்ட நேரம் இருமினார்.

நர்சிங் டீச்சர் விரிப்பின் நான்கு மூலைகளையும் இழுத்துப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. தலைமை ஆசிரியையிடம் திரும்பி, "மேடம், இவள எனக்குக் குடுத்துடுங்க" என்றார். கடையில் கத்தரிக்காய் கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் என்னை வேண்டும் என்று அங்கே சொன்னது அவர் ஒருவர்தான். அழுதுவிட்டேன். அப்பா எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டு, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். தலைமை ஆசிரியை இரண்டு கடிதங்களையும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

அப்பா மாறிவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். அடுத்த வாரம் நான் அவர் பஸ்ஸில் போனபோது மீன்காரம்மா, "எந்த குரூப்பு சேத்தீங்க?" என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பாமலே, "டாக்டருக்குத்தான் போவுது" என்று சொல்லிவிட்டு, இரட்டை விசில் ஊதினார். வண்டி கிளம்பிவிட்டது. அந்த விசில் பத்து வருஷம் ஓடியது. நான் ப்ளஸ் டூ முடித்தேன், டிப்ளமோ முடித்தேன், சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்தேன். பஸ்ஸில் என்னைப் பார்த்தால் ஆலப்பாக்கத்துக்காரர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, "டாக்டரம்மா, இது இன்னான்னு பாருங்க" என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா விசிலை எடுத்து ஊதிவிடுவார். நிறுத்தமே இல்லாத இடத்தில் எல்லாம் அந்த பஸ் நின்றிருக்கிறது, என்னால்.

போன மாதம் அப்பாவுக்குக் காலில் புண். சுகர் ஜாஸ்தி. கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் வேலை பார்க்கும் இடம் இல்லை. டியூட்டி முடிந்து சாயங்காலம் போய்ப் பார்த்தால், வார்டிலேயே நல்ல இடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே, ராஜா மாதிரி படுத்திருந்தார். முந்தின நாள் வாசல் பக்கத்துக் கட்டிலில் வெயிலில் கிடந்தவர்.

"எப்புடிப்பா இங்க மாத்தினாங்க?"

"எம்பொண்ணு நர்ஸுன்னு சொன்னேன்" என்றார். "ஒடனே மாத்திட்டாங்க."

பத்து வருஷத்தில் முதல்முறை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். கடைசியில் ஒரு ஃபேனுக்காகச் சொல்லியிருக்கிறார். கவுன்சிலரின் லெட்டர் பேடு இருந்த இடத்தில் இப்போது நான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாசல் பக்கம் பார்த்தேன். அந்தக் கட்டிலில் ஒரு பெரியவர் எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டு கிடந்தார்.

"அவரு?"

"அவருதான் இங்க இருந்தாரு. காய்ச்சல். பாவம், ஒண்ணும் சொல்லல."

வார்டு நர்ஸைக் கூப்பிட்டேன். சின்னப் பெண். "நம்ம ஆளாச்சேன்னுதான் சிஸ்டர்..." என்று இழுத்தாள். "காய்ச்சல்காரர எடுத்து வெயில்ல போடச் சொல்லி எந்த கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க?" என்றேன். பாவம், முகம் வாடிவிட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து பெரியவரை ஃபேனுக்குக் கீழே கொண்டுவந்தோம். அப்பாவை வாசலுக்குக் கொண்டுபோனோம். விரிப்பை மாற்றினோம். "அப்பா, இப்ப திருப்பப் போறேன்" என்று சொன்னேன். அவர் திரும்பிக்கொண்டே முணுமுணுத்தார்:

"இதுக்குத்தான் அன்னிக்கே டாக்டருக்குப் படின்னு சொன்னேன். டாக்டரா இருந்திருந்தா ஒரு ஃபேனு நெலச்சிருக்கும்."

விரிப்பின் மூலையை மெத்தைக்குள் மடித்துச் செருகினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் தண்ணி பிடிக்க நகர்ந்ததும், "யாருங்க அது, இந்த வெரட்டு வெரட்டுது?" என்று அப்பாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

அப்பா நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தார்.

"எம்பொண்ணு" என்றார். பிறகு, கேட்காமலே, "நர்ஸு" என்றார்.

வாசல் பக்கத்தில் ஃபேன் இல்லை.